அவருடைய டிக்கெட் அவரிடமே திரும்பட்டும்

வாசகர் கேள்வி: ஒரு நிறுவனத்தின் ஐ.டி. ஹெல்ப்டெஸ்கில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் ஷிஃப்டில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். எதைச் சொல்ல வந்தாலும் "தெரியும்" என்பார். நான் ஒரு பயனரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, பயனரின் காதில் விழும்படி வேறொரு தீர்வைச் சொல்வார். அவர் முடித்துவைக்கும் டிக்கெட்டுகள் (பயனர் சொல்லும் ஒவ்வொரு சிக்கலுக்கும் நாங்கள் போடும் பதிவு) என்னுடையவற்றைப் போல் இரு மடங்கு. மேலாளர் அதைக் கூட்டத்திலேயே பாராட்டுகிறார். ஆனால் அதே பயனர்கள் மறுநாள் என்னை அழைக்கிறார்கள். சென்ற மாதம், டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அழைத்த ஒருவரின் கணினியில் அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பை அழித்துவிட்டார். அந்தப் பயனரின் பல ஆண்டு மின்னஞ்சல்கள் அதில்தான் இருந்தன. நான் பேக்கப்பிலிருந்து அதை மீட்டுக் கொடுத்தேன். வீண் சண்டை எதற்கு என்று அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவசரம் என்று யார் அழைத்தாலும், அடையாளத்தைச் சரிபார்க்காமல் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்கிறார். இப்போது அவருக்கு அட்மின் உரிமை (கணக்குகளையும் கணினி அமைப்புகளையும் மாற்றும் உயர்நிலை அனுமதி) தரலாமா என்று மேலாளர் என் கருத்தைக் கேட்டிருக்கிறார். உள்ளதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லாமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். அடையாளத்தைச் சரிபார்க்காமல் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பதைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் நிதானமாகக் கையாளலாம். இதை மட்டும் இன்றே மேலாளரிடம் சொல்ல வேண்டும். இது ஒரு சக ஊழியரின் குணத்தைப் பற்றிய புகாராகாது. உங்கள் நெருங்கிய நண்பர் இதைச் செய்திருந்தாலும் நீங்கள் சொல்லியே ஆக வேண்டிய பாதுகாப்புக் குறைபாடு இது. துப்புரவுப் பொருள்கள் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான குளோராக்ஸ் 2023 ஆகஸ்டில் ஒரு சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. தனக்கு ஹெல்ப்டெஸ்க் சேவை வழங்கிவந்த ஒப்பந்த நிறுவனத்தின் மீது 2025 ஜூலையில் அது தொடுத்த வழக்கின் மையக் குற்றச்சாட்டு, அழைத்தவர் யார் என்று சரிபார்க்காமலேயே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான். ஒப்பந்த நிறுவனம் பொறுப்பை மறுத்திருக்கிறது. ஆனால் கோரப்பட்டிருக்கும் இழப்பு ஏறத்தாழ 38 கோடி டாலர். அந்த வழக்கின் முடிவு எப்படி இருந்தாலும், தொலைபேசியில் அவசரக் குரலில் பேசும் ஒருவரை நம்புவதால் என்ன நேரக்கூடும் என்பதை உங்கள் மேலாளர் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும். அழைப்பவர் தரும் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைப்பது, அல்லது அவருடைய மேலதிகாரியின் உறுதிமொழியைப் பெற்ற பிறகே மாற்றுவது என்று ஏதேனும் ஒரு நடைமுறையை எழுத்தில் கொண்டுவந்து, ஷிஃப்டில் உள்ள அனைவருக்கும் பொதுவாக அறிவிக்கச் சொல்லுங்கள். அறிவிப்பில் அவருடைய பெயர் வர வேண்டியதில்லை.

இனி அந்த பி.எஸ்.டி. கோப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பகுதியைத்தான்.

உங்கள் சக ஊழியர் ஒன்றும் தெரியாமல் அந்தக் கோப்பை அழிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அவுட்லுக் இரண்டு வகைக் கோப்புகளை வைத்துக்கொள்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஓ.எஸ்.டி. என்பது சர்வரில் உள்ள அஞ்சல்பெட்டியின் நகல். அதை நீக்கினால் அவுட்லுக் மறுபடியும் சர்வரிலிருந்து இறக்கி உருவாக்கிக்கொள்ளும் என்பதால், இடம் போதாதபோதும் கோப்பு பழுதானபோதும் அதை நீக்குவது நம் தொழிலில் வழக்கமான வைத்தியம். பி.எஸ்.டி. அப்படிப்பட்டதன்று. பயனர் தம் பழைய மின்னஞ்சல்களைச் சர்வரிலிருந்து எடுத்துத் தம் கணினியில் அடுக்கி வைத்திருக்கும் கோப்பு அது. பல நேரங்களில் உலகில் வேறெங்கும் அதற்குப் பிரதி இருக்காது. இரண்டும் பெரிய கோப்புகள், இரண்டும் டிஸ்கை நிரப்புபவை, பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. இதற்கு முன் எங்கோ ஓ.எஸ்.டி. கோப்பை நீக்கி ஒரு பயனரின் சிக்கலைத் தீர்த்த அனுபவம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அன்று கிடைத்த வெற்றி, "அவுட்லுக்கின் பெரிய கோப்பை நீக்கலாம்" என்ற பொது விதியாக அவர் மனத்தில் பதிந்துவிட்டது. அதீத நம்பிக்கை பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது: அரைகுறையாகத் தெரிந்த ஒன்று ஒருமுறை பலித்துவிடுகிறது, அதன் எல்லை எது என்று காட்டித் தர எவரும் அருகில் இல்லை.

எல்லையைக் காட்டக்கூடிய நிகழ்ச்சி சென்ற மாதம் நடந்தது. அதை நீங்கள் பேக்கப்பிலிருந்து மீட்டு, சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டீர்கள். பயனருக்கு நீங்கள் செய்தது பேருதவி. ஆனால் தாம் அழித்தது என்ன என்பது உங்கள் சக ஊழியருக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய கணக்கில் அந்த டிக்கெட், டிஸ்கில் இடம் ஏற்படுத்திக் கொடுத்து வெற்றிகரமாக முடிக்கப்பட்ட ஒன்று. அடுத்த முறை இன்னும் அதிக உறுதியோடு அதே வேலையைச் செய்வார். அப்போது பேக்கப் இல்லாமலும் போகலாம். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பொறுமையும் பொறுப்பும் உள்ளவர்கள்தாம் பிறர் தவறைத் தம் தோளில் போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பல ஹெல்ப்டெஸ்க் குழுக்களில் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அவருடைய நம்பிக்கை குலையாமல் இருப்பதற்கு உங்கள் மௌனமும் ஒரு காரணம் என்பதை நீங்கள் தெளிவாக உணர்ந்தால்தான், இனி நான் சொல்லப்போவது பயன்படும்.

அனுபவத்தால் வரும் உள்ளுணர்வை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் எதிரெதிர் நிலைப்பாடு கொண்டிருந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும், 2009-இல் அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட் இதழில் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவருடைய உள்ளுணர்வு நம்பத்தக்கதாக வளர வேண்டுமானால், அவர் வேலை செய்யும் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட முடிவு. தாம் எடுத்த முடிவு சரியா தவறா என்பது விரைவாகவும் தெளிவாகவும் தமக்கே தெரிய வருவது அந்த வாய்ப்பின் முக்கியமான பகுதி. ஒருவர் தம் முடிவில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை வைத்து அந்த முடிவு சரியானது என்று கொள்ள முடியாது என்றும் அவர்கள் எழுதினார்கள். ஹெல்ப்டெஸ்கில் முதல் நிபந்தனைக்குக் குறைவில்லை. கணினிகள் காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை. இரண்டாவதுதான் நம்மிடம் உடைந்து கிடக்கிறது. ஒருவர் முடித்துவைத்த டிக்கெட்டின் பயனர் மறுநாள் அழைக்கும்போது, அந்த நேரத்தில் யார் தொலைபேசியை எடுக்கிறாரோ அவரிடம் அது புதிய டிக்கெட்டாகப் பதிவாகிறது. முதல் நாள் வேலை செய்தவருக்கு அது தெரிவதற்கு வழியே இல்லை. இந்த ஏற்பாட்டில் எவ்வளவு அடக்கமானவரும் சில மாதங்களில் தம்மைப் பற்றிப் பெரிதாக நினைக்கத் தொடங்கிவிடுவார்.

எண்ணிக்கையைப் பாராட்டும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. கணக்குப் பூட்டிக்கொண்டது என்று ஒரு பயனர் தினமும் காலையில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை நீக்க அரை நிமிடம்தான் ஆகும். நான்கு நாள் நான்கு முறை நீக்கினால், முடிக்கப்பட்ட டிக்கெட்டுகள் நான்கு, அதுவும் முதல் அழைப்பிலேயே. அதே அழைப்பை நீங்கள் எடுத்தால், டொமைன் கன்ட்ரோலரின் (பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) பாதுகாப்பு லாகில், அதாவது நிகழ்வுப் பதிவில், கணக்குப் பூட்டைக் குறிக்கும் 4740 என்ற நிகழ்வைத் தேடி, பூட்டுக்குக் காரணமான தவறான பாஸ்வேர்டு முயற்சி எந்தக் கணினியின் பெயரில் வந்தது என்று பார்ப்பீர்கள். அது மின்னஞ்சல் சர்வரின் பெயராக இருந்தால், சென்ற வாரம் பாஸ்வேர்டை மாற்றியவர் தம் கைப்பேசியில் பழையதையே விட்டு வைத்திருக்கிறாரோ என்று விசாரிப்பீர்கள். வேறொரு கணினியின் பெயராக இருந்தால், அதில் அவர் லாக்-ஆஃப் செய்யாமல் விட்ட பழைய செஷன் இருக்கிறதா என்று தேடுவீர்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். உங்கள் கணக்கில் அது ஒரே டிக்கெட். சேவையை உடனே மீட்பது ஒரு வேலை, அது ஏன் கெட்டது என்று கண்டறிவது வேறொரு வேலை என்று ஐ.டி. சேவைகளுக்கான ஐ.டி.ஐ.எல். நடைமுறை இன்சிடென்ட், பிராப்ளம் என இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. உங்கள் மேலாளர் இப்போது முதலாவதை மட்டும் எண்ணுகிறார். எனவே நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய முதல் மாற்றம் இதுதான்: ஒரே பயனர், ஒரே சிக்கல், ஏழு நாட்களுக்குள் மீண்டும் அழைத்தால், புதிய டிக்கெட் போடக் கூடாது, பழையதையே மறுபடி திறந்து, அதை முடித்துவைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். வாராந்திர அறிக்கையில், முடித்த டிக்கெட்டுகளுக்குப் பக்கத்திலேயே மறுபடி திறக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையும் வர வேண்டும். இந்த விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். அதனால்தான் இதைக் கேட்பவரைப் பொறாமைக்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது.

விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளையே அவர் முடித்த டிக்கெட்டின் பயனர் உங்களை அழைத்தால், பயனருக்கு அவசரமானதை மட்டும் செய்து கொடுத்துவிட்டு, "உங்கள் டிக்கெட்டைப் பார்த்தவரிடமே இதை மறுபடி ஒப்படைக்கிறேன், அவருக்கு முழு விவரமும் தெரியும்" என்று சொல்லுங்கள். அவருடைய இடத்துக்குச் சென்று, "நேற்று நீங்கள் பூட்டு நீக்கிக் கொடுத்தவருக்கு இன்றும் பூட்டிக்கொண்டதாம். எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று லாகில் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லலாம், விடையைச் சொல்லிவிடாதீர்கள். லாகில் அந்தப் பெயரை அவரே தம் கண்ணால் கண்டுபிடிக்கும்போது ஏற்படும் மாற்றத்தை எந்த அறிவுரையும் ஏற்படுத்தாது. ஆர்வம் உள்ளவராக இருந்தால், அடுத்த முறை பூட்டு நீக்குவதற்கு முன்பே லாகைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

பி.எஸ்.டி. விவகாரத்தைத் தாமதமாகவேனும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறர் இல்லாத இடத்தில், நீங்கள் இருவரும் கோபமாக இல்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். "சென்ற மாதம் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அழைத்தவரின் கணினியில் நீங்கள் நீக்கிய கோப்பு பி.எஸ்.டி. அவருடைய பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பேக்கப்பிலிருந்து மீட்டுக் கொடுத்தேன். அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்" என்ற அளவில் போதும். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்", "கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா" போன்ற வாக்கியங்கள் வாய்வரை வந்தாலும் விழுங்கிவிடுங்கள். கோப்பின் வகை, நடந்தது, விளைந்தது, இவற்றோடு நிறுத்திக்கொண்டால் அவர் வாதிடுவதற்கு ஒன்றும் இருக்காது. பிறகு அந்த டிக்கெட்டின் குறிப்பிலும் மீட்டெடுத்த விவரத்தைச் சேர்த்துவிடுங்கள். ஓ.எஸ்.டி., பி.எஸ்.டி. வேறுபாட்டை நாலெட்ஜ் பேஸில் (குழுவின் தீர்வுக் குறிப்புகளின் தொகுப்பு) ஒரு பக்கமாக எழுதும் வேலையை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். எழுத உட்காரும்போது தமக்குத் தெரியாதது எது என்று தெரிந்துவிடும்.

தொலைபேசியில் பேசும்போது குறுக்கிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பு முடிந்தவுடன், அன்றே, "நான் அழைப்பில் இருக்கும்போது ஏதாவது தோன்றினால் சாட்டில் அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறேன், பயனருக்கு இரண்டு குரல் கேட்டால் குழம்பிப்போகிறார்" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் சாட்டில் அனுப்புவது சில சமயம் சரியாகவே இருக்கும். அப்போது தயங்காமல் அதைப் பயன்படுத்தி, நன்றியும் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பயனரிடம் பேசும்போது உங்கள் நிதானம் அவருக்கு எப்படிக் கேட்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? "தெரியவில்லை, பார்க்கிறேன்" என்று ஒருவரும், "இதுதான் காரணம், இதோ முடிந்தது" என்று இன்னொருவரும் சொன்னால், வேலை நின்றுபோன பதற்றத்தில் இருப்பவர் இரண்டாவது குரலின் பக்கம்தான் சாய்வார். விடையில் உறுதி இல்லாதபோது அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதில் உறுதியாகப் பேசலாம். அதில் பொய் எதுவும் இல்லை. "இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலில் லாகைப் பார்க்கிறேன், பதினைந்து நிமிடத்தில் நானே அழைக்கிறேன், அதுவரை நீங்கள் வெப்மெயிலில் வேலையைத் தொடரலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பதினைந்தாவது நிமிடத்தில், விடை கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும் அழையுங்கள். உங்கள் திறமை இத்தனை ஆண்டுகளாகக் குரலில் வெளிப்படாமல் இருந்திருக்கிறது என்பதே என் ஊகம். புதியவர் வந்த பிறகு அது உங்களை அதிகமாக வருத்துகிறது, அவ்வளவுதான்.

அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. தொலைபேசியை அஞ்சாமல் எடுப்பது, பயனரிடம் கலகலப்பாகப் பேசுவது, வேலையைக் கிடப்பில் போடாமல் முடிக்க நினைப்பது ஆகியவை எளிதில் கற்றுக்கொடுக்க முடியாத குணங்கள். தயக்கமே உருவானவரை இந்த வேலைக்குப் பழக்குவதைவிட, துணிச்சல் மிகுந்தவருக்குச் சரிபார்க்கும் பழக்கத்தை ஊட்டுவது சுலபம் என்பது என் அனுபவம். ஆனால் எல்லாரும் மாறுவதில்லை. தம் டிக்கெட்டுகள் தம்மிடமே திரும்பத் தொடங்கிய பிறகு அவர் என்ன செய்கிறார் என்று இரண்டு மாதம் கவனியுங்கள். குறிப்புகள் விரிவாகின்றனவா, மூடுவதற்கு முன் பயனரிடம் கேட்டு உறுதிசெய்கிறாரா, எப்போதாவது உங்களிடம் வந்து "இதைப் பார்த்திருக்கிறீர்களா" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். மாறாக, பயனர் தவறாகப் பயன்படுத்துகிறார், சர்வர் டீம் சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் வேறொருவரைக் காரணம் காட்டினால், அவரைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. மறுபடி திறக்கப்பட்ட டிக்கெட்டுகளின் எண்களைத் தேதியோடு மேலாளரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள்.

கடைசியாக, அட்மின் உரிமை பற்றி மேலாளர் கேட்ட கருத்து. "தரலாம்" அல்லது "தரக் கூடாது" என்று ஒரே சொல்லில் பதில் அளிக்காதீர்கள். எந்த உரிமையை, எப்போது, எந்தக் கட்டுப்பாட்டோடு தரலாம் என்று எழுதிக் கொடுங்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்-3 என்ற இணையவழித் தரவுச் சேமிப்புச் சேவை நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் பாதிக்கப்பட்டு, அதை நம்பியிருந்த எண்ணற்ற இணையதளங்கள் முடங்கின. அனுமதி பெற்ற ஊழியர் ஒருவர், வகுக்கப்பட்ட நடைமுறையின்படி வேலை செய்கையில், ஒரு கட்டளையின் உள்ளீட்டைப் பிழையாகத் தட்டியதால், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டுவிட்டன. அதன் பிறகு அமேசான் அந்தக் கருவியையே மாற்றியமைத்து, சர்வர்களை மெதுவாக மட்டுமே நீக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக முடியாதபடியும் செய்தது. கவனமாக வேலை செய்பவர் கையிலும் பிழை நேரும் என்பதால், உரிமையை அளந்து கொடுப்பது யாருக்கும் அவமானமாகாது என்று இதை எடுத்துக்காட்டியே மேலாளரிடம் வாதிடலாம்.

உங்கள் நிறுவனம் பயனர் கணக்குகளை நிர்வகிக்க மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியைப் பயன்படுத்துகிறது என்றால், முழு டொமைன் அட்மின் உரிமை ஹெல்ப்டெஸ்கில் எவருக்கும் தேவைப்படாது, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குறிப்பிட்ட பிரிவினரின் கணக்குகளுக்கு மட்டும் பூட்டு நீக்கும், பாஸ்வேர்டு மாற்றும் உரிமையைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. உங்கள் குறிப்பில், அந்த அளவு உரிமையை அவருக்குத் தரலாம், ஆனால் அடையாளச் சரிபார்ப்பு நடைமுறை எழுத்தில் வந்து அவர் அதில் பயிற்சி பெற்ற பிறகே தர வேண்டும் என்று எழுதுங்கள். பயனர் கணினிகளில் மென்பொருள் நிறுவுவதற்கான அட்மின் கணக்கு, அன்றாடக் கணக்கிலிருந்து வேறாகவும், செய்வது அனைத்தும் லாகில் பதிவாகும்படியும் இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பல கணினிகளைப் பாதிக்கக்கூடிய குரூப் பாலிசி மாற்றங்களும் சர்வர் வேலைகளும் மூன்று மாதம் கழித்து, மறுபடி திறக்கப்பட்ட டிக்கெட்டுகளின் கணக்கைப் பார்த்த பிறகே பரிசீலிக்கப்பட வேண்டும். பி.எஸ்.டி. நிகழ்ச்சியையும் தேதியோடு இரண்டு வரியில் குறிப்பிடுங்கள்; மேலாளர் முடிவெடுக்க அது தேவைப்படும் தகவல், அதை மறைப்பது அவருக்கும் நியாயமாகாது. ஆனால் அந்தக் குறிப்பு மேலாளர் கைக்குப் போவதற்கு முன்பே, உங்கள் சக ஊழியரிடம் நீங்கள் நேரில் பேசி முடித்திருக்க வேண்டும். குறிப்பின் நகல் ஒன்றை அவருக்கும் அனுப்புங்கள்.